அறப்பணியும் ஆட்சியுரிமையும்: அமெரிக்க மாநிலங்களின் பிங்கோ ஒழுங்குமுறை வரலாறு

முன்னுரை

1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பினை வழங்கியது. வழக்கின் ஒரு பக்கத்தில் கலிபோர்னியா மாநிலமும் அதன் ரிவர்சைடு மாவட்டமும் நின்றன. மறுபக்கத்தில் கபசோன், மொரோங்கோ என்னும் இரு பூர்வகுடிக் குழுக்கள் நின்றன. தீர்ப்பில் பதிவாகியுள்ளபடி கபசோன் குழுவில் அப்போது 25 உறுப்பினர்களே இருந்தனர். மொரோங்கோ குழுவில் ஏறத்தாழ 730 பேர். வழக்கின் பொருளோ பிங்கோ ஆட்டம். எண்களை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தத்தம் அட்டையில் அவற்றைக் குறித்துக்கொள்ளும் அந்த எளிய ஆட்டந்தான். இத்தீர்ப்பின் வழியே தோன்றிய தொழில், 2023-ஆம் நிதியாண்டில் 41.9 பில்லியன் டாலர் மொத்த வருவாய் ஈட்டியதாகக் கூட்டரசின் தேசியப் பூர்வகுடிச் சூதாட்ட ஆணையம் அறிவித்தது.

இவ்வளர்ச்சியைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் 1987-இலிருந்தோ 1979-இலிருந்தோ தொடங்குகின்றன. இக்கட்டுரை இன்னும் பின்னோக்கிச் செல்ல முற்படுகிறது. தேவாலயங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களும் நிதி திரட்டுவதற்காக மாநிலங்கள் பிங்கோவுக்கு அளித்த சட்ட விலக்கே இதன் வேர் என்பது இக்கட்டுரையின் கருத்து. அறப்பணியைக் காப்பதற்காகச் சட்டத்தில் விடப்பட்ட ஒரு சிறு திறப்பு, சட்டமியற்றியோர் எண்ணியும் பாராத மக்களுக்கு வழியாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சூதாட்டத்தை அரசு ஒழுங்குபடுத்துவது இந்தியவியல் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் சூதாட்டத்திற்கெனத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கிறது. ஆட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நடத்தச் செய்து, வெற்றிப் பொருளில் நூற்றுக்கு 5 பங்கினை அரசுக்குப் பெறச் சொல்கிறது. மறைவாகப் பிழைப்போரைக் கண்டறிவதும் அங்கே ஒரு நோக்கமாகும். அந்நூலில் பாசாங்கு ஏதுமில்லை; வருவாயும் உளவும் வெளிப்படையாகவே கூறப்படுகின்றன. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநிலங்கள் தெரிந்தெடுத்த வழி வேறு. சூது தீதென்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்துவிட்டு, நற்பணிக்காக ஆடினால் அது சூதன்று என்பதுபோல் ஓர் ஏற்பாட்டினை அவை செய்துகொண்டன.

தடையின் பின்னணி

அமெரிக்கக் குடியேற்றங்களில் பரிசுச்சீட்டு என்பது தொடக்கத்தில் மதிப்பிற்குரிய நிதி திரட்டும் முறையாகவே இருந்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய கல்வி நிலையங்களின் கட்டடங்களுக்கு அது உதவியது. தேவாலயங்களும் பாலங்களும் அதனால் எழுந்தன. தனியார் குத்தகைதாரர்களின் மோசடிகள் பெருகவே 19-ஆம் நூற்றாண்டில் எதிர்ப்பு மூண்டது. நியூயார்க் மாநிலம் 1821-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே புதிய பரிசுச்சீட்டுகளுக்குத் தடை விதித்தது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியே சென்றன. உள்நாட்டுப் போருக்குப்பின் எழுந்த லூயிசியானா பரிசுச்சீட்டு நிறுவனம் நாடு முழுவதும் அஞ்சல் வழியே சீட்டுகளை விற்றுப் பெரும் ஊழலுக்கு இடமளித்ததால், 1890-இல் கூட்டரசு நாடாளுமன்றம் அஞ்சல் வழி விற்பனையையும் 1895-இல் மாநிலங்களுக்கிடையே சீட்டுகளைக் கொண்டுசெல்வதையும் தடை செய்தது. 1903-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்னும் கணக்கில் அத்தடையை ஏற்றது.

இவ்வரலாறு பிங்கோவுக்கு முக்கியமானது. அமெரிக்கச் சட்ட மரபில் பரிசு, தற்செயல், கட்டணம் ஆகிய மூன்றும் கூடினால் அது பரிசுச்சீட்டாகும். பிங்கோவில் மூன்றும் உண்டு. ஆகவே தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் மூதாட்டியர் கூடி ஆடும் ஆட்டமும் லூயிசியானா நிறுவனத்தின் மோசடியும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனத்தவை. இதனை மாற்றவேண்டுமாயின் சாதாரணச் சட்டம் போதாது, அரசியலமைப்பையே திருத்தவேண்டும். ஒரு பொழுதுபோக்கு ஆட்டம் அரசியலமைப்பு வரை ஏறியதற்குக் காரணம் இதுவே.

ஐரோப்பாவிலிருந்து வந்த இவ்வாட்டம் அமெரிக்காவில் முதலில் 'பீனோ' எனப்பட்டது. அட்டையிலுள்ள எண்களை மறைக்க அவரை விதைகளைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. 1929-க்குப் பின் எட்வின் லோவ் என்னும் பொம்மை வணிகர் அதனைப் 'பிங்கோ' என்ற பெயரில் பரப்பினார். அமெரிக்க அட்டையில் 5 வரிசையும் 5 நிரலும்; 75 எண்கள். பிரித்தானிய முறையில் 90 எண்கள். நம் வட்டாரத்துச் சங்கங்களிலும் இந்தியப் படையினரின் உணவகங்களிலும் 'தம்போலா' என்று ஆடப்படுவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலமான 1930-களில் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகள் தங்கள் பள்ளிகளையும் கடன்களையும் தாங்கும் பொருட்டுப் பிங்கோவைக் கையிலெடுத்தன. சீர்திருத்தத் திருச்சபைகள் பல இதனைக் கடுமையாக எதிர்த்தன. காவல்துறையோ ஊருக்கு ஊர் வேறுபட்டு நடந்துகொண்டது. ஒரு நகரில் கண்டும் காணாததுபோல் விடப்பட்டது மறுநகரில் குற்றமாயிற்று.

நான்கு வேலிகள்

நியூ ஜெர்சி மாநிலத்தில் 1950-களின் தொடக்கத்தில் இது தேர்தல் விவகாரமாயிற்று. 1953-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் அம்மாநில வாக்காளர்கள் அறப்பணி பிங்கோவை அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றனர். அதே நாளில் அத்திருத்தத்தை ஆதரித்த ராபர்ட் மெய்னர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட உரிமச் சட்டத்தோடு, சட்டமுறை வாய்ப்பாட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையமும் அமைந்தது. நியூயார்க் 1957-இல் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. அங்கும் ஒவ்வொரு நகரும் ஊரும் தனியே வாக்களித்து ஏற்றால்தான் பிங்கோ அங்கு நடைபெறலாம்.

நியூயார்க் திருத்தத்தின் வாசகம் ஊன்றிப் படிக்கத்தக்கது. சமய, அறநிலைய அமைப்புகள், முன்னாள் படைவீரர் சங்கங்கள், தன்னார்வத் தீயணைப்பாளர் குழுக்கள், இவைபோன்ற இலாப நோக்கற்ற அமைப்புகள் மட்டுமே ஆட்டத்தை நடத்தலாம். நிகர வருவாய் முழுவதும் அவ்வமைப்பின் முறையான நோக்கங்களுக்கே செல்லவேண்டும். ஒரு பரிசு 250 டாலரையும், ஒரு கூட்டத்தின் பரிசுகள் மொத்தம் 1,000 டாலரையும் கடத்தலாகாது. அமைப்பின் உண்மையான உறுப்பினர் அல்லாதார் ஆட்டத்தை நடத்தக் கூடாது. அவ்வாறு நடத்துவோர் எவரும் ஊதியம் பெறலாகாது. ஓர் அரசியலமைப்பு ஆவணம் 250 டாலர் என்று தொகை குறிப்பிடுவது விந்தையாகவே தோன்றும். ஆயினும் அத்தொகைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு அச்சம் நிற்கிறது.

பிற மாநிலங்கள் பின்னர் இயற்றிய சட்டங்களிலும் இதே வேலிகளைக் காணலாம்: யார் நடத்தலாம் என்னும் வரையறை, ஊதியமற்ற உழைப்பு, பரிசு உச்சவரம்பு, நாள் கணக்கு. கலிபோர்னியா 1976-இல் அரசியலமைப்பைத் திருத்தி, நகரங்களும் மாவட்டங்களும் அறப்பணி பிங்கோவை அனுமதிக்க வழிசெய்தது. அங்கும் அப்போது பரிசின் எல்லை 250 டாலராக இருந்தது. புளோரிடாவில் அக்காலத்தில் பெரும்பரிசு 100 டாலருக்கு மேற்படக் கூடாது என்றிருந்தது. வாரத்தில் 2 நாட்களுக்கு மேல் ஆட்டம் நடத்தக் கூடாது.

இவ்வேலிகளுள் ஊதியமின்மையே மையமானது என்பது என் கருத்து. பரிசு வரம்பு ஆட்டக்காரரின் பேராசையைக் கட்டுப்படுத்துவது. ஊதியத் தடை நடத்துபவரின் பேராசையைக் கட்டுப்படுத்துவது. சட்டம் அஞ்சியது இரண்டாவதையே. ஆட்டத்தால் எவரும் பிழைக்கலாகாது என்பதே அடிப்படைக் கொள்கை. அறத்தின் பெயரால் சூது தூய்மை பெறுகிறது. அத்தூய்மைக்குச் சான்று, அங்கே நிற்பவர் கூலி வாங்காமல் நிற்பது. முனைவர்ப் பட்ட ஆய்வுக் காலத்தில் அமெரிக்க நடுமேற்கு நகரொன்றின் தேவாலய மண்டபத்தில் ஒரு மாலை இதனை நேரில் கண்டேன். எண்களை அறிவித்தவர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். காப்பி ஊற்றிக் கொடுத்தவர் பங்குப் பள்ளியின் ஆசிரியை. இருவரும் கூலியின்றி நின்றனர். ஆடியவர்களோ ஒவ்வொருவரும் 10, 12 அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரிடம் பேசவும் நேரமின்றிக் குறித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் அறம் செய்ய வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெல்ல வந்திருந்தார்கள்.

வேலிகள் முழுமையாகப் பயன்படவுமில்லை. நடத்துபவர் ஊதியம் பெறக் கூடாதென்றால் மண்டப உரிமையாளர் வாடகை பெறலாம். அட்டை விற்பவர் விலை பெறலாம். அறநிலையத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் வணிக மண்டபத்தாரும் பொருள் வழங்குவோரும் இலாபத்தை எடுத்துக்கொள்ளும் முறை விரைவில் தலையெடுத்தது. நியூயார்க் 1962-இல் பிங்கோ கட்டுப்பாட்டு ஆணையத்தை அமைத்து, மண்டபத்தை வாடகைக்கு விடுவோரையும் பொருள் வழங்குவோரையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு விலக்கு அளித்தால் அதனைக் காக்க ஓர் ஆணையம் தேவைப்படுகிறது. ஆணையம் அமைந்தால் விதிகள் பெருகுகின்றன. இவ்விதிப் பெருக்கமே பிற்காலத்தில் மாநிலங்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று.

தடையா, ஒழுங்கா?

இவ்விடத்தில் கூட்டரசுச் சட்டம் ஒன்றை நோக்கவேண்டும். பூர்வகுடியினரின் ஒதுக்கு நிலங்களில் மாநிலச் சட்டங்கள் பொதுவாகச் செல்லா; கூட்டரசின் அனுமதி வேண்டும். 1953-இல் இயற்றப்பட்ட பொதுச்சட்டம் 280 கலிபோர்னியா, மினசோட்டா, நெப்ராஸ்கா, ஆரிகன், விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களுக்கு, சில ஒதுக்கு நிலங்கள் நீங்கலாக, அத்தகைய குற்றவியல் அதிகாரத்தை அளித்தது. அலாஸ்கா பின்னர்ச் சேர்ந்தது. விரும்பும் பிற மாநிலங்களும் இவ்வதிகாரத்தை ஏற்கலாம் என்றிருந்தபடியால் புளோரிடா 1961-இல் ஏற்றது. பூர்வகுடிகளின் தனியுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்து அவர்களைப் பொதுச் சமுதாயத்தில் கரைத்துவிடவேண்டும் என்ற கொள்கை ஓங்கியிருந்த காலம் அது.

1976-இல் இச்சட்டத்திற்கு எதிர்பாராத விளக்கம் கிடைத்தது. மினசோட்டாவின் ஒதுக்கு நிலமொன்றில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் நடமாடும் வீட்டிற்கு மாவட்ட நிருவாகம் 147.95 டாலர் வரி விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொதுச்சட்டம் 280 குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரத்தையும் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் மட்டுமே வழங்கியதேயன்றி, வரி விதிக்கவும் பொதுவாக ஒழுங்குபடுத்தவும் அதிகாரம் வழங்கவில்லை என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. 150 டாலருக்கும் குறைந்த ஒரு வரிச்சீட்டிலிருந்து பிறந்த இவ்வேறுபாடு, அதாவது தடை செய்யும் சட்டம் வேறு, ஒழுங்குபடுத்தும் சட்டம் வேறு என்னும் பாகுபாடு, பிங்கோவின் தலைவிதியை மாற்றியது.

அதே 1976-இல் விஸ்கான்சினின் ஒனைடா மக்கள் தங்கள் சமூகக் கூடத்தின் மின்கட்டணத்தைச் செலுத்துவதற்காகப் பிங்கோவைத் தொடங்கினர். நோக்கத்தைப் பார்த்தால் இதற்கும் ஒரு பங்குத் தேவாலயத்தின் பிங்கோவுக்கும் வேறுபாடு காண்பது அரிது. 1979 டிசம்பரில் புளோரிடாவின் செமினோல் மக்கள் ஹாலிவுட் நகருக்கு அருகிலுள்ள தங்கள் நிலத்தில் பெரிய பிங்கோ மண்டபத்தைத் திறந்தபோது நிலை வேறாயிற்று. மாநிலச் சட்டம் 100 டாலர் என்று வரையறுத்திருக்க, இங்கே பரிசு பல்லாயிரம் டாலர். வாரம் 2 நாள் என்ற எல்லையும் இல்லை. மாவட்டக் காவல் தலைவர் ராபர்ட் பட்டர்வொர்த் கைது நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தார். செமினோல் மக்கள் கூட்டரசு நீதிமன்றத்தை நாடினர்.

வழக்கின் மையக் கேள்வி இதுதான்: புளோரிடாவின் பிங்கோ சட்டம் தடைச் சட்டமா, ஒழுங்குமுறைச் சட்டமா? மாநிலம் தன் சட்டம் குற்றவியல் சட்டம் என்றது. மீறினால் தண்டனை உண்டன்றோ என்றது. நீதிமன்றம் தண்டனையைப் பார்க்கவில்லை, விலக்கைப் பார்த்தது. அறநிலையங்களும் பிற சங்கங்களும் பிங்கோ நடத்தலாம் என்று மாநிலமே அனுமதித்திருக்கும்போது, பிங்கோ தன்னளவில் பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்று அம்மாநிலம் எவ்வாறு வாதிட முடியும்? 100 டாலர் வரம்பும் 2 நாள் வரம்பும் எதனைக் காட்டுகின்றன? ஆட்டத்தை ஒழிக்கும் எண்ணத்தையா, அளவோடு வைக்கும் எண்ணத்தையா? மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இல் செமினோல் மக்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதனை மறு ஆய்வு செய்ய மறுத்தது. அறப்பணியைக் காக்க எழுப்பிய வேலிகளே சட்டம் தடைச் சட்டமன்று என்பதற்கு ஆதாரமாயின.

எல்லா இடத்திலும் இவ்வாறே நடந்தது என்று கருதுதல் தவறு. மெய்ன் மாநிலத்தின் பெனோப்ஸ்காட் மக்கள் 1980-ஆம் ஆண்டு நில உடன்படிக்கைச் சட்டத்தால் மாநிலச் சட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்பட்டிருந்தனர். 'உள் விவகாரங்கள்' மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டிருந்தன. பீனோ ஆட்டம் அத்தகைய உள் விவகாரமன்று என்று மெய்ன் உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்த்தது. ஆட்டம் ஒன்றே, நோக்கமும் ஒன்றே, உடன்படிக்கையின் வாசகம் வேறு.

கபசோன் வழக்கு

கபசோன், மொரோங்கோ குழுக்களின் நிலம் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பகுதியில் உள்ளது. பயன்படுத்தத்தக்க இயற்கை வளம் ஏதும் அங்கில்லை என்பதை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆட்ட வருவாய் தவிர அக்குழுக்களின் அரசுகளுக்கு வேறு வருவாயில்லை. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியார். 250 டாலர் வரம்பையும் ஊதியமற்ற உறுப்பினரே நடத்தவேண்டும் என்னும் விதியையும் அங்கே திணிக்க மாநிலம் முயன்றது.

கலிபோர்னியாவின் வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அறப்பணிக்காகச் சிறு அளவில் நடப்பதை அனுமதித்தோம். பெரும் பணம் புரளும் வணிகத்தை அனுமதிக்கவில்லை. இரண்டும் ஒன்றாகா என்பதே அதன் நிலைப்பாடு. ஆயினும் நீதிபதி பைரன் வைட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதனை ஏற்கவில்லை. கலிபோர்னியா அரசே பரிசுச்சீட்டு நடத்துகிறது, குதிரைப் பந்தயப் பணயத்தை அனுமதிக்கிறது, சீட்டாட்ட அறைகளுக்கு இடமளிக்கிறது, பிங்கோவையும் அனுமதிக்கிறது. ஆகவே மாநிலம் சூதைத் தடை செய்யவில்லை, ஒழுங்குபடுத்துகிறது என்பது தீர்ப்பின் சாரம். குற்றக் கும்பல்கள் நுழையக்கூடும் என்னும் மாநிலத்தின் அச்சத்தைவிடப் பூர்வகுடிகளின் தன்னாட்சியிலும் தற்சார்பிலும் கூட்டரசுக்குள்ள அக்கறை வலியது என்றும் நீதிமன்றம் கூறியது. பிங்கோ மண்டபங்கள் கட்டக் கூட்டரசின் உள்துறையே மானியமும் கடன் உத்தரவாதமும் அளித்திருந்ததைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. ரேகன் அரசு பூர்வகுடி நலத்திட்டங்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்த அதே ஆண்டுகளில் இம்மானியங்கள் வழங்கப்பட்டன என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. ஒரு கையால் குறைத்ததை மறு கையால் பிங்கோ அட்டையாகக் கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

6-க்கு 3 என்று முடிந்த இவ்வழக்கில் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய மாறுபட்ட கருத்தும் படிக்கத்தக்கது. இவ்வாதத்தை ஏற்றால் சேவற்சண்டை, விலைமாதர் இல்லம் போன்ற, சட்டத்திற்குப் புறம்பான எந்த இலாபத் தொழிலுக்கும் விலக்கு அளிக்க நேரும் என்று அவர் எச்சரித்தார். மேலும், கலிபோர்னியா தெரிந்தெடுத்த பயனாளிகள் அறநிலையங்களும் பொதுக் கருவூலமும் ஆகும். வருவாய் எங்கே செல்கிறது என்பது கொள்கையின் ஒரு பகுதியன்றோ என்பது அவர் வாதத்தின் உட்கிடை. என் கணிப்பில் இக்கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் நேரான விடை இல்லை. இருப்பினும் அதற்கு விடையளிக்கக்கூடிய ஒரு கருத்து உண்டு: ஒரு பூர்வகுடிக் குழு என்பது அறநிலையமன்று, ஓர் அரசு. தன் மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் அளிக்க ஓர் அரசு வருவாய் தேடுவது, அதே காரணத்துக்காகக் கலிபோர்னியா பரிசுச்சீட்டு விற்பதினின்றும் எவ்வகையில் தாழ்ந்தது? தமிழ்நாட்டில் 1968-இல் தொடங்கிய அரசுப் பரிசுச்சீட்டு, விழுந்தால் வீட்டிற்கு, விழாவிட்டால் நாட்டிற்கு என்னும் முழக்கத்தோடு விற்கப்பட்டதும் 2003-இல் தடை செய்யப்பட்டதும் நம் வாசகர் அறிந்தவை. நாட்டிற்கு என்னும் சொல்லில் எவருடைய நாடு என்பதே கபசோன் வழக்கின் கேள்வி.

தீர்ப்புக்குப் பின் கூட்டரசு நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் பூர்வகுடிச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது ஆட்டங்களை மூவகைப்படுத்தியது. மரபுசார்ந்த சிறு ஆட்டங்கள் முதல் வகை. பிங்கோவும் அதனையொத்தவையும் இரண்டாம் வகை. சூதாட்ட விடுதிகளின் ஆட்டங்கள் மூன்றாம் வகை. இரண்டாம் வகைக்கு மாநிலத்தின் உடன்பாடு தேவையில்லை. எவரேனும், எந்த நோக்கத்திற்காகவேனும், அவ்வாட்டத்தை நடத்த அம்மாநிலம் அனுமதித்திருந்தால் போதும். அறப்பணி விலக்கு இவ்வாறு கூட்டரசுச் சட்டத்திலேயே திறவுகோலாகப் பொறிக்கப்பட்டது. மூன்றாம் வகைக்கு மாநிலத்தோடு உடன்படிக்கை வேண்டும். நிகர வருவாயைச் செலவிடத்தக்க 5 வழிகளையும் சட்டம் வரையறுத்தது: குழுவின் அரசுப் பணிகள், மக்கள் நலம், பொருளாதார மேம்பாடு, அறநிலையங்களுக்கு நன்கொடை, உள்ளூராட்சிக்கு உதவி. நான்காவது வழியைக் கவனிக்க. அறநிலையங்கள் பெறுநராக அப்பட்டியலில் மீண்டும் வந்து நிற்கின்றன.

இவ்வருவாய் எல்லாரையும் சமமாகச் சென்றடையவில்லை. பெருநகர்களுக்கு அண்மையில் நிலம் வாய்த்த குழுக்கள் செழித்தன. தொலைவிலுள்ள பெரிய ஒதுக்கு நிலங்கள் பலவற்றில் வறுமை நீங்கவில்லை. செமினோல் மக்கள் 965 மில்லியன் டாலருக்கு ஹார்ட் ராக் நிறுவனத்தை வாங்கும் பேரத்தை 2007-இல் நிறைவேற்றினர். அவர்களைக் கைது செய்ய முயன்ற பட்டர்வொர்த் 1987 முதல் 2002 வரை புளோரிடாவின் தலைமை வழக்கறிஞராக விளங்கினார்.

பிங்கோ என்றால் யாது?

மின்னணுத் திரை வந்தபின் கேள்வி வேறு வடிவம் பெற்றது. அலபாமா மாநிலம் மாவட்டந்தோறும் தனித்தனி அரசியலமைப்புத் திருத்தங்கள் வழியே அறப்பணி பிங்கோவை அனுமதித்திருந்தது. சில மாவட்டங்களில், நாணயப் பொறிபோலவே தோன்றும் திரைகளை நிறுவி, உள்ளே பிங்கோ கணக்கு ஓடுவதாகக் கூறி வணிகம் நடத்தினர். 2009-இல் அலபாமா உச்ச நீதிமன்றம் பிங்கோவின் இலக்கணத்தை வகுக்க நேர்ந்தது. ஆட்டக்காரர் அட்டை வைத்திருக்கவேண்டும், எண்கள் அறிவிக்கப்படவேண்டும், அவற்றைக் கவனித்துத் தாமே குறிக்கவேண்டும், வென்றதும் தாமே அறிவிக்கவேண்டும் என்பன போன்ற 6 கூறுகளை அது வரிசைப்படுத்தியது. கவனம் தவறினால் தோற்கலாம் என்பதும் பிங்கோவின் இலக்கணத்துள் சேர்ந்தது. இலக்கண ஆசிரியர்கள் மகிழத்தக்க தீர்ப்பு எனலாம். ஆனால் அதே அலபாமாவில் போர்ச் கிரீக் மக்களின் நிலத்தில் அதேபோன்ற திரைகள் இரண்டாம் வகை ஆட்டமாகக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ்த் தொடர்ந்து இயங்கின. எல்லைக்கோட்டுக்கு ஒருபுறம் பிங்கோ அல்லாதது மறுபுறம் பிங்கோ ஆயிற்று.

டெக்சாசில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. எல் பாசோ நகரிலுள்ள இஸ்லெட்டா டெல் சூர் மக்களை 1968-இல் கூட்டரசு டெக்சாஸ் மாநிலத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. 1983-இல் மாநிலம் அப்பொறுப்பினைக் கைவிட்டது. மீண்டும் கூட்டரசின் ஏற்பைப் பெற அவர்கள் வேண்டியபோது, சூதாட்டம் குறித்து டெக்சாஸ் நிபந்தனை கேட்டது. 1987 ஆகஸ்டில், கபசோன் தீர்ப்பு வந்த ஆறு மாதங்களில், இயற்றப்பட்ட மீட்புச் சட்டம், டெக்சாஸ் சட்டங்கள் தடை செய்துள்ள ஆட்டங்கள் யாவும் அந்நிலத்திலும் தடை செய்யப்படும் என்றது. இதன் பொருள் பற்றி மாநிலத்திற்கும் அம்மக்களுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது.

டெக்சாஸ் 1980-இல் அரசியலமைப்பைத் திருத்தி அறப்பணி பிங்கோவை அனுமதித்த மாநிலம். வாரத்தில் 3 நாட்கள், நாளொன்றுக்கு 4 மணி நேரம், ஒரு பரிசுக்கு 750 டாலர் என்பன அதன் வரம்புகள். வரம்புக்கு உட்பட்டு அறநிலையங்கள் ஆடுவதுபோல் அம்மக்களும் ஆடட்டும். வரம்பை மீறியது எதுவோ அது தடை செய்யப்பட்டதாகும் என்று மாநிலம் வாதிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவ்வாதத்தை மறுத்தது. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய தீர்ப்பு, கபசோன் தீர்ப்பு வழக்கில் இருந்தபோதே நாடாளுமன்றம் 'தடை' என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தது என்பதை வலியுறுத்தியது. நாள் கணக்கும் மணிக் கணக்கும் பரிசுக் கணக்கும் சொல்லும் சட்டம் ஓர் ஆட்டத்தைத் தடை செய்யவில்லை, ஒழுங்கு செய்கிறது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தலைமையில் நால்வர் இதனை ஏற்கவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

சிங்கப்பூர் 2022-இல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி, பொதுச் சூதாட்டக் கூடங்கள் பற்றிய பழைய சட்டத்தையும் தனியார் பரிசுச்சீட்டுகள் பற்றிய சட்டத்தையும் நீக்கியதும் அதே ஆண்டில்தான். அங்கே ஒரே ஆணையத்தின் கீழ் எல்லாம் கொண்டுவரப்பட்டன. அமெரிக்காவிலோ எல் பாசோ நகரின் தேவாலய மண்டபம் வாரத்தில் 3 நாள், நாளுக்கு 4 மணி என்னும் பழைய கணக்கிலேயே நின்றது; சில கல் தொலைவிலுள்ள இஸ்லெட்டா மக்களின் மண்டபத்தை அக்கணக்கு இனிக் கட்டுப்படுத்தாது என்றாயிற்று.